இடித்துரைக்கும் உரிமை

அரசனைப் பாடுவது ஒன்று. அரசனுக்கு எடுத்துச் சொல்வது வேறொன்று. இவ்வேற்றுமையைத் தமிழர் நன்கு அறிந்திருந்தனர். தொல்காப்பியர் பாடாண்டிணையிலே கொடையையும் புகழையும் வைத்ததோடு அமையாது, வாயுறை வாழ்த்தையும் செவியறிவுறூஉவையும் உடன்வைத்தார். முன்னையது, முதலிற் கசந்து முடிவில் நலந்தரும் மருந்து போன்ற சொல். பின்னையது, பெரியோர் முன் அடங்கியொழுகுமாறு வேந்தன் செவியிற் படச் சொல்லுதல். கோவூர் கிழார் கிள்ளிவளவன் முன் நின்றபோது தமக்குப் பரிசில் வேண்டினாரல்லர். யானையின் காலில் இடப்படவிருந்த மலையமான் மக்களின் உயிரை வேண்டினார். அரசரைச் சேர்ந்தொழுகுவோர் தீயிலே குளிர்காய்வோர் போல் இருத்தல் வேண்டும் என்பது வள்ளுவர் கருத்து. மிக விலகினால் தீயாற் பயனில்லை. மிக நெருங்கினால் உடல் வெந்துபோம்.

இவ்வளவையும் முன்வைத்து யான் எழுதப் புகுவது ஐக்கிய அமெரிக்காவின் சுவிசேஷகத் தலைவர்களைப் பற்றியாகும். தமிழ்ப் பண்டிதனுக்கு அமெரிக்கப் போதகரோடு என்ன வழக்கு என்று வினவுவார் உளர். வழக்கு மாத்திரமன்று, உறவும் உண்டு. 1810இல் அமெரிக்காவிலே தோன்றிய அயல்நாட்டு மிஷன் சங்கம் 1816இல் யாழ்ப்பாணத்துக்கு ஊழியரை அனுப்பியது. 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியும், 1824இல் உடுவில் மகளிர் பாடசாலையும், 1841இல் உதயதாரகைப் பத்திரிகையும் அவர்கள் முயற்சியால் எழுந்தன. தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் கலித்தொகையையும் அச்சேற்றி நமக்கு அளித்த சி. வை. தாமோதரம்பிள்ளை அந்தச் செமினரியிற் கற்றவர். ஆதலின் அவ்வியக்கம் தன் தாயகத்தில் எவ்வழிச் சென்றது என்று ஆராய்வது நமக்குப் புறம்பான காரியமன்று.

சுவிசேஷகர் என்று ஈண்டு யான் குறிப்பது, புரட்டஸ்தாந்து சமயத்தவருள் வேதாகமத்தின் அதிகாரத்தையும், மனந்திரும்பி மறுபிறப்பெய்துதலையும், அச்செய்தியைப் பிறர்க்கு அறிவித்தலையும் தலையாயவையாகக் கொள்வோரை. இவர்களுக்குப் பாப்பரசரைப் போன்ற ஒரு தலைமைப் பீடம் இல்லை. எவர் சொல்லுக்குக் கூட்டம் சேர்கின்றதோ அவரே தலைவர். முதலில் மேடையும் அச்சகமும், பின்னர் வானொலியும் தொலைக்காட்சியும் இவர்களுக்குப் பீடங்களாயின. கூட்டம் உள்ள இடத்தை அரசியல்வாதி நாடி வருவான். இவர்களது செல்வாக்கின் தோற்றமும் ஆபத்தும் இந்த ஓரிடத்திலேயே உள்ளன.

முதலில் ஒரு பழைய வரலாற்றைச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்துக்கு ஊழியரை அனுப்பிய அதே சங்கத்துக்கு 1821 முதல் 1831இல் இறக்கும்வரை செயலாளராயிருந்தவர் ஜெரமையா எவார்ட்ஸ் என்னும் வழக்கறிஞர். வட்டுக்கோட்டைச் செமினரி தோன்றியது அவர் காலத்திலேயே. அக்காலத்தில் அமெரிக்காவின் தென்கிழக்கிலே செரோக்கி என்னும் ஆதிக்குடிகள், உடன்படிக்கைகளால் உறுதிசெய்யப்பட்ட தம் நிலத்தில் வாழ்ந்துவந்தனர். அவர்களையும் ஏனைய ஆதிக்குடிகளையும் மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே பெயர்த்துவிட ஜனாதிபதி அன்ட்ரு ஜாக்சன் முனைந்தார். எவார்ட்ஸ் 1829இல் வில்லியம் பென் என்னும் புனைபெயரில் 24 கட்டுரைகள் எழுதினார். அரசு தானே கைச்சாத்திட்ட உடன்படிக்கைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி, ஒப்பிய சொல்லைக் காப்பது வலியோருக்கும் கடன் என்று வாதித்தார். காங்கிரஸ் சபைக்கு ஊர்தோறும் இருந்து மனுக்கள் சென்றன. 1830 மே மாதத்தில் பிரதிநிதிகள் சபையிலே 102க்கு 97 என்னும் வாக்குக் கணக்கிலேயே குடிபெயர்ப்புச் சட்டம் நிறைவேறியது. ஐந்து வாக்குகளே வேறுபாடு!

செரோக்கி மக்களிடையே வாழ்ந்த ஊழியருள் ஒருவர் சமுவேல் வூஸ்டர். செக்வோயா என்னும் செரோக்கியர் தம் மொழிக்குத் தாமே எழுத்து அமைத்தவர். அவ்வெழுத்தில் 1828இல் ஒரு பத்திரிகை வெளிவருவதற்கு வூஸ்டர் துணைநின்றார். உதயதாரகைக்குப் பதின்மூன்று ஆண்டு மூத்த பத்திரிகை அது. மாநில அரசின் அனுமதி பெறாத வெள்ளையர் செரோக்கி நிலத்தில் வசித்தலாகாது என்று ஜோர்ஜியா மாநிலம் சட்டம் செய்தது. வூஸ்டரும் எலைசர் பட்லர் என்னும் மற்றோர் ஊழியரும் அதற்கு இணங்க மறுத்தனர். 1831இல் இருவருக்கும் நான்காண்டுக் கடூழியச் சிறை விதிக்கப்பட்டது. 1832இல் நாட்டின் உச்ச நீதிமன்றம் அச்சட்டம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. ஜோர்ஜியா அத்தீர்ப்புக்குப் பணியவில்லை. 1833 ஜனவரியில் இருவரும் விடுதலை பெற்றனர். சங்கத்தாரின் ஆலோசனைப்படி வழக்கை மேலும் தொடராது விட்டனர். 1838, 1839ஆம் ஆண்டுகளில் செரோக்கியர் படைவீரரால் மேற்கே நடத்திச் செல்லப்பட்டபோது ஏறத்தாழ நாலாயிரம் பேர் இறந்தனர் என்பர். அந்தத் துயரப் பயணத்திலே பட்லரும் உடன்சென்றார்.

இம்முயற்சி தோல்வியுற்றது என்பது மெய். ஆயினும் இதன் இயல்பை நோக்குக. எவார்ட்ஸ் வேண்டியது வாக்குரிமையற்ற பிற மக்களுக்காக. வூஸ்டருக்குக் கிடைத்தது பதவியன்று, சிறை. அரசுக்குக் கசப்பான சொல்லை அவர்கள் அரசின் முகத்துக்கு நேரே சொன்னார்கள். இலக்கணப்படி இதுவே செவியறிவுறூஉ.

அவ்வியக்கத்தாரை மாசற்றவராக்கிக் காட்டுவது என் நோக்கமன்று. அதே சங்கம் கறுப்பின அடிமைகள் விடயத்தில் தயங்கியது. அடிமைகளை உடையோரின் காணிக்கையை அது மறுக்கவில்லை என்று வருந்தியவர்கள் 1846இல் பிரிந்து வேறொரு சங்கம் கண்டனர். மறுபுறத்தில் சார்ள்ஸ் பினி என்னும் பெரும் போதகர் அடிமைகளை வைத்திருந்தோருக்குத் திருவிருந்து அளிக்க மறுத்தார். அவர் ஆசிரியராகவும் பின்னர்த் தலைவராகவும் விளங்கிய ஓபர்லின் கல்லூரி 1835இலேயே கறுப்பின மாணவருக்குக் கதவு திறந்தது. தெற்கிலோ, அடிமைகளை வைத்திருப்பவன் மிஷன் ஊழியனாகலாமா என்ற பிணக்கினால் 1845இல் தெற்குப் பப்திஸ்து மாநாடு தனியே தோன்றியது. அடிமைமுறையிலிருந்து தப்பிவந்த பிரெடரிக் டக்ளஸ் அதே ஆண்டில் தம் வரலாற்றை எழுதி வெளியிட்டார். இயேசுவின் சமயம் வேறு, அந்நாட்டிலே நடக்கும் சமயம் வேறு என்று அந்நூலின் இறுதியிற் பிரித்துக் காட்டினார். ஒரே வேதாகமத்தைக் கையிலேந்தி ஒரு சாரார் விலங்கை உடைத்தனர். மற்றொரு சாரார் விலங்கைப் பூட்டினர்.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியை விரைந்து கடப்போம். சுவிசேஷகரின் பேருழைப்பினால் மதுவிலக்கு அரசியலமைப்பிலே ஏறி 1920இல் நடைமுறைக்கு வந்தது, 1933இல் நீக்கப்பட்டது. மும்முறை ஜனாதிபதித் தேர்தலில் நின்ற வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன் உழவர் பக்கமும் ஏழையர் பக்கமும் பேசியவர்; போரை நோக்கிய கொள்கைக்கு உடன்படாது 1915இல் அமைச்சர் பதவியைத் துறந்தவர். ஆனால் இன்று அவரை உலகம் நினைப்பது, 1925இல் டென்னசி மாநிலத்து டேய்ட்டன் நகரில், பரிணாமக் கொள்கையைக் கற்பித்த ஆசிரியருக்கு எதிராக வாதாடியவர் என்றே. ஒருவன் வாழ்நாள் முழுவதையும் அவன் கடைசி வழக்கு மறைத்துவிடக்கூடும்.

இனி நம் காலத்துக்கு வருவோம். 1918இல் வட கரோலினாவிலே ஓர் உழவர் குடியிற் பிறந்த பில்லி கிரஹாம் 1949இல் லொஸ் ஏஞ்சலிஸ் நகரிற் கூடாரமடித்து எட்டு வாரம் உபதேசித்தார். பத்திரிகைகள் அவரை நாடறியச் செய்தன. 1956இல் அவர் சென்னைக்கும் பாளையங்கோட்டைக்கும் வந்து பேசியதும் உண்டு. 1950இல் ஜனாதிபதி ட்ரூமனைக் கண்டு வந்த அவர், உள்ளே பேசியவற்றை வெளியே நின்ற நிருபர்களுக்குச் சொன்னதோடு, புகைப்படக்காரருக்காக வெள்ளை மாளிகைப் புற்றரையில் முழந்தாளிட்டுச் செபித்தும் காட்டினார். ட்ரூமன் சினந்தார். அதன்பின் வந்தவர்கள் சினக்கவில்லை, பயனறிந்து பாராட்டினார்கள். 1953இல் ஐசன்ஹோவர் காலத்தில் ஆண்டுதோறும் நிகழும் ஜனாதிபதிச் செபவிருந்து தொடங்கியது. 1954இல் தேசிய உறுதிமொழியிலே கடவுள் பெயர் சேர்ந்தது. 1956இல் கடவுளை நம்பியிருக்கிறோம் என்பது நாட்டின் குறிக்கோள் வாசகமாயிற்று. பொதுவுடைமை நாடுகளுக்கு எதிரான பனிப்போர்க் காலம் அது. கடவுட்பெயர் அங்கே ஒரு படைக்கலமும் ஆயிற்று.

கிரஹாமின் பெருமைகளை மறைத்தல் அறமன்று. 1953இல் சட்டனூகா நகரில், வெள்ளையரையும் கறுப்பரையும் பிரித்துக் கட்டியிருந்த கயிறுகளை அவர் அகற்றினார். 1957இல் நியூயோர்க்கில் நடந்த பெருங்கூட்டத்திலே மார்ட்டின் லூதர் கிங்கை அழைத்துச் செபிக்கச் செய்தார். ஆயினும் 1963இல் பர்மிங்காம் நகர்ப் போராட்டத்தின்போது, வேகத்தைச் சற்றுக் குறைக்குமாறு கிங்குக்கு ஆலோசனை கூறியவரும் அவரே.

நிக்சனோடு அவர் கொண்ட நட்பே இவ்வரலாற்றின் நடுக்கட்டம். 1969இல் வெள்ளை மாளிகையில் ஞாயிறு ஆராதனைகள் தொடங்கியபோது முதலில் உபதேசித்தவர் கிரஹாம். 1972இல் நிக்சன் தம் அறையிலே யூதரை இழித்துப் பேசியபோது அவர் மறுத்துரைக்கவில்லை. தாமும் ஒத்துப் பேசினார். அந்த ஒலிநாடா 2002இல் வெளியானபோது மன்னிப்புக் கேட்டார். 1974இல் நிக்சன் பதவி துறந்தார். நாட்டுக்கே ஒழுக்கம் உபதேசித்தவருக்குத் தம் நண்பரின் உள்ளறையில் நடந்தது தெரியவில்லை. இதனைக் கிரஹாமே பின்னர் உணர்ந்தார். 2011இல், தம் வாழ்வைத் திரும்பி நோக்கி, அரசியலை விட்டு விலகியிருந்திருப்பேன் என்னும் கருத்துப்படக் கூறினார். 2018இல் 99 வயதில் அவர் மறைந்தபோது, அவரது உடல் நாட்டின் காங்கிரஸ் மாளிகையில் வைக்கப்பட்டது. பதவி வகியாதோருள் மிகச் சிலரே பெற்ற சிறப்பு அது. கடைசி மரியாதையும் அரசே செய்தது என்பதைக் குறித்துக்கொள்க.

கிங்கின் வழியை இதனோடு ஒப்பிடுக. அவரும் பப்திஸ்து போதகரே. 1964இல் ஜோன்சன் குடியுரிமைச் சட்டத்திற் கைச்சாத்திட்டபோது அருகே நின்றவர். ஜோன்சனின் நட்பு அவருடைய மக்களுக்கு இன்னும் எத்தனையோ நன்மைகளைத் தந்திருக்கக்கூடும். எனினும் 1967 ஏப்ரலிலே நியூயோர்க் நகரத் தேவாலயம் ஒன்றில் நின்று வியட்நாம் போர் தவறு என்று வெளிப்படையாகச் சொன்னார். நட்பு முறிந்தது, பத்திரிகைகள் கண்டித்தன, தோழர் சிலரும் விலகினர். அடுத்த ஆண்டு கொல்லப்பட்டார். நெருப்பின் அருகே நின்றபோதும், வேண்டும்போது விலகி நிற்கும் வலிமை அவரிடம் இருந்தது.

கிரஹாம் விலக எண்ணிய காலத்திலே வேறு சிலர் உட்புகுந்தனர். வேர்ஜீனியாவின் லிஞ்ச்பேர்க் நகரத்துப் போதகர் ஜெரி பால்வெல், 1965 மார்ச்சில், கறுப்பின மக்கள் வாக்குரிமை வேண்டி அலபாமாவில் ஊர்வலம் சென்ற நாட்களிலே, போதகரின் பணி ஆன்மாக்களைத் திருப்புவதேயன்றி அரசியல் நடத்துவதன்று என்று உபதேசித்தார். பதினான்கு ஆண்டுகளின் பின், 1979இல், அவரே 'ஒழுக்கப் பெரும்பான்மை' என்னும் பேரியக்கத்தைத் தொடக்கினார். முன்னைய உபதேசம் பிழை என்று தாமே பிற்காலத்தில் ஒப்பினார். ஒப்பியது நன்று. ஆனால் பிறர் உரிமை கேட்டபோது வாராத அரசியல், தம் காரியம் வந்தபோது வந்தது என்பதை நாம் காணாதிருக்க முடியாது.

அவரது இயக்கத்துக்குக் காரணம் 1973இற் கருக்கலைப்பைப் பற்றி உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு என்பர். அது முழு விடையன்று. 1971இலே தெற்குப் பப்திஸ்து மாநாடு, சில நிலைமைகளிற் கருக்கலைப்பை அனுமதிக்கும் சட்டத்துக்கு ஆதரவாகத் தீர்மானம் செய்திருந்தது. நிறவேற்றுமை காட்டிய சமயப் பாடசாலைகளுக்கு வரிவிலக்கு இல்லை என்று அரசு எடுத்த நடவடிக்கையே முதற் பொறி என்று வரலாற்றாசிரியர் சிலர் வாதிப்பர். பாடசாலைச் செபத்தை விலக்கிய 1962, 1963ஆம் ஆண்டுத் தீர்ப்புகளையும் குடும்ப வாழ்வின் மாற்றங்களையும் கூட்டிக்கொள்ளல் வேண்டும். 1980இல் இவர்கள் ஞாயிறு பாடசாலை ஆசிரியரான ஜிம்மி கார்ட்டரைக் கைவிட்டு, முதன் மனைவியை விவாகரத்துச் செய்த திரைப்பட நடிகரான றேகனைத் தெரிந்தனர். தலைவனின் ஒழுக்கத்தைவிட அவன் தரும் வாக்குறுதி பெரிதாகத் தொடங்கியது அப்போதே.

1988இல் தொலைக்காட்சிப் போதகர் பாட் ரொபர்ட்சன் தாமே ஜனாதிபதி வேட்பாளராக முயன்று தோற்றார். தோற்றபின் 1989இல் 'கிறிஸ்தவக் கூட்டணி'யை அமைத்து, ஊர்தோறும் பாடசாலைச் சபைகள் வரையில் ஆட்களைத் திரட்டினார். வாக்குகளைத் திரட்டும் கலையில் இவர்களை வென்றோர் இலர். ஆயினும் 1999இல், ஒழுக்கப் பெரும்பான்மையின் தோற்றத்துக்குத் துணைநின்ற போல் வைரிக், அத்தகைய பெரும்பான்மை நாட்டில் இல்லை என்று மனம் வெதும்பி எழுதினார். பால்வெலின் பழைய உதவியாளர் இருவரும் அதே ஆண்டில், அதிகாரத்தினால் ஒழுக்கத்தை நாட்டலாம் என்ற நம்பிக்கை வீணாயிற்று என்று ஒரு நூல் எழுதினர். எச்சரிக்கை உள்ளிருந்தே வந்தது. கேட்டார் சிலரே.

1998இல், கிளின்டனின் ஒழுக்கக்கேடு வெளிப்பட்ட ஆண்டில், ஆள்வோருக்கு நல்லொழுக்கம் இன்றியமையாதது என்று தெற்குப் பப்திஸ்து மாநாடு தீர்மானித்தது. செம்மையான தீர்மானம். 2016இல் டொனால்ட் ட்ரம்ப் வேட்பாளரானார். வாக்குச்சாவடிக் கணிப்பின்படி வெள்ளையினச் சுவிசேஷகருள் நூற்றுக்கு ஏறத்தாழ 81 பேர் அவருக்கு வாக்களித்தனர். அந்நாட்டின் சமயக் கருத்தாய்வு நிலையம் ஒன்று எடுத்த கணக்கு இதனினும் வியப்பானது. தனிவாழ்வில் ஒழுக்கம் தவறியவர் பொதுவாழ்வில் நேர்மையாக நடத்தல் கூடும் என்று 2011இற் கருதிய வெள்ளையினச் சுவிசேஷகர் நூற்றுக்கு 30 பேரே. 2016இல் அத்தொகை 72 ஆயிற்று. வேதாகமம் அந்த ஐந்தாண்டில் மாறவில்லை. வேட்பாளர் மாறினார்.

2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் 1973இன் தீர்ப்பை நீக்கியது. ட்ரம்ப் நியமித்த நீதிபதியர் மூவரும் அதற்கு உடன்பட்டனர். ஐம்பதாண்டு முயற்சி கைகூடியது. கருவிலுள்ள சிசுவுக்கு வாக்குமில்லை, வாயுமில்லை. அதற்காகவே கேட்டோம் என்று அவர்கள் கூறுவர். அவ்வாதத்தை யான் எள்ளேன். பிறவுயிருக்காகக் கேட்பது கோவூர் கிழார் செய்ததே. அன்றியும், 2003இல் ஜோர்ஜ் புஷ் ஆபிரிக்க நாடுகளில் எயிட்ஸ் நோயாளருக்கு மருந்தளிக்கும் பெருந்திட்டம் வகுத்தபோது, சுவிசேஷகத் தலைவர் பலர் அதற்குத் தோள் கொடுத்தனர். அதனாற் காப்பாற்றப்பட்ட உயிர்கள் கோடிக்கணக்கின என்பர். அரசவையில் இருந்துகொண்டே அறம் செய்யலாம் என்பதற்கு அது சான்று.

என் வாதம் வேறிடத்தில் உள்ளது. கேட்டதைப் பெற்றார்கள், ஆனால் விலை யாது? விலை மௌனம். 2019இல் கிரஹாம் நிறுவிய சஞ்சிகையே, ட்ரம்ப் பதவியினின்று நீக்கப்படல் வேண்டும் என்று தலையங்கம் தீட்டியது. அதனைக் கண்டித்தவர்களுள் முன்னின்றவர் கிரஹாமின் மகன் பிராங்ளின். இடித்துரைத்தவனை அரசன் தண்டிப்பது பழைய கதை; இடித்துரைத்தவனை உடன்போதகரே தண்டிப்பது புதிய கதை. கோவூர் கிழார் குழந்தைகளைக் காப்பாற்றியபின் கிள்ளிவளவனின் ஏனைய பிழைகளைப் பற்றி வாய்திறவேன் என்று உடன்படிக்கை எழுதிக் கொடுத்தாரல்லர்.

இவ்வுடன்படிக்கையின் பயன் வெளித்தெரிகின்றது. அதே ஆய்வு நிலையத்தின் கணக்கின்படி, 2006இல் அமெரிக்க மக்களுள் நூற்றுக்கு 23 பேராயிருந்த வெள்ளையினச் சுவிசேஷகர் 2020இல் ஏறத்தாழ 14 பேராகக் குறைந்தனர். இதற்குக் காரணங்கள் பல. ஆயினும் நீதிமன்றத்தில் வென்ற காலத்திலேயே வீட்டிற் பிள்ளைகளை இழப்பது சிந்திக்கத்தக்கது.

சமயத் தலைவர் அரசியலை எட்டியும் பார்த்தலாகாது என்போரோடு யான் உடன்படேன். எவார்ட்ஸ் எட்டிப் பாராதிருந்தால் செரோக்கியருக்காகப் பேச ஒரு குரல் குறைந்திருக்கும். யாருக்காகக் கேட்கிறார், கேட்டதைப் பெற்றபின்னும் மறுத்துப் பேசும் உரிமையை வைத்துக்கொள்கிறாரா என்னும் இரண்டு வினாக்களே உரைகல். இரண்டாவதில் தவறியவர், முதலாவதில் வென்றாலும், அரசவைப் பாணரே.

காலம் இவ்வழக்குக்கு ஒருவாறு தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. வூஸ்டரையும் பட்லரையும் சிறையிட்ட ஜோர்ஜியா மாநிலம், 1992இலே, இருவருக்கும் மன்னிப்பு வழங்கித் தன் பழிக்கு நாணியது. அடிமைமுறைக்குத் துணைபோகித் தோன்றிய தெற்குப் பப்திஸ்து மாநாடு, 1995இலே, தன் நூற்றைம்பதாம் ஆண்டில், கறுப்பின மக்களிடம் மன்னிப்புக் கேட்டது. அன்று அதிகாரத்தோடு மாறுபட்டவரை நோக்கி அதிகாரமே தலைகுனிந்தது. அதிகாரத்தோடு உடன்பட்டவரின் வழித்தோன்றல்கள் தாமே தலைகுனிந்தனர். இன்று வேதநூலைக் கையிலேந்தி ஆட்சிப்பீடத்தின் அருகே நிற்போர், எந்த நாட்டினராயினும் எந்தச் சமயத்தினராயினும், இந்த இரண்டு ஆண்டுகளையும் மனத்திற் குறித்துக்கொள்வார்களாக.